சோதனைகள் எல்லாம் பச்சை, பில்லில் வரி தவறு: நல்ல அசர்ஷன் எழுத இளையவர்களை எப்படிப் பழக்குவது?

லாசுப்பேட்டை நிரலர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் உள்ள மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை எங்கள் சிறு குழு எழுதிப் பராமரித்து வருகிறது. குழுவில் பாதிப் பேர் கல்லூரி முடித்துப் புதிதாகச் சேர்ந்தவர்கள். சோதனை எழுதாமல் எவரும் நிரலை இன்னொருவர் படித்துப் பார்க்கும் ரிவ்யூவுக்கு அனுப்புவதில்லை. சோதனைகளில் நிரலின் எவ்வளவு பகுதி ஓடியது என்று காட்டும் கவரேஜ் எண்ணும் நன்றாகவே இருக்கிறது. என் கவலையெல்லாம் அந்தச் சோதனைகளின் கடைசி வரியை, அதாவது வந்த விடை சரியா என்று பார்க்கும் அசர்ஷனைப் பற்றியது.

ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். கடலூர்க் கடையிலிருந்து புதுச்சேரி வாடிக்கையாளருக்குச் சரக்கை வண்டியில் அனுப்பினால் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த வரி) 18 விழுக்காடு போட வேண்டும். கடலூருக்குள்ளேயே அனுப்பினால் சிஜிஎஸ்டி (ஒன்றிய வரி) 9, எஸ்ஜிஎஸ்டி (மாநில வரி) 9. இதற்கான சோதனை ஒன்று ரிவ்யூவுக்கு வந்தது. ஆயிரம் ரூபாய்ச் சரக்கு, வாங்குபவர் புதுச்சேரி, பில் தொகை 1180-க்குச் சமமா என்று பார்க்கும் ஓர் அசர்ட் ஈக்வல்ஸ். படித்தால் எந்தக் குறையும் தெரியாது. எழுதியவரை அருகில் அமர்த்திக்கொண்டு, மாநிலங்களை ஒப்பிடும் நிபந்தனையை நிரலில் தலைகீழாக மாற்றிவிட்டுச் சோதனையை ஓட்டினோம். அப்போதும் வெற்றி என்று பச்சையாகவே இருந்தது. ஒன்பதும் ஒன்பதும் சேர்ந்தாலும் பதினெட்டுதான் என்பதால், மொத்தத்தை மட்டும் பார்க்கிற அந்த அசர்ஷனுக்கு, வரி எந்தக் கணக்கில் போய் விழுகிறது என்பதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

"நல்ல அசர்ஷன் எழுதுங்கள்" என்று விதிகளாக எழுதிக் கொடுத்தால் எல்லாரும் படித்துத் தலையாட்டுகிறார்கள். அடுத்த வாரம் அதே போன்ற வரிகள் மீண்டும் வருகின்றன. உங்கள் குழுக்களில் இதை எப்படிப் பழக்குகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் மூன்றும் எங்களிடம் புழக்கத்தில் உள்ளன.

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

நீங்கள் நிரலைத் தலைகீழாக்கிக் காட்டியதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அசர்ஷன் என்பது தோற்கும் நாளுக்காக எழுதப்படுவது. அது பச்சையாக இருக்கும் நாள்களில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆகவே எழுதுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, "இந்தச் செயல்கூறு என்ன செய்கிறது" என்பது அல்ல. "எந்தத் தவறு நேர்ந்தால் இந்த வரி தோற்றுச் சிவக்க வேண்டும்" என்பதே. எங்களிடம் புதிதாகச் சேர்பவர்கள் சோதனை எழுதுமுன் அந்தத் தவறுகளை ஒரு தாளில் சாதாரணத் தமிழில் எழுதிக் காட்ட வேண்டும். வரி தவறான கணக்கில் போகலாம், பைசா ஒன்று கூடலாம், தள்ளுபடிக்கு முன்பே வரி கணக்கிடப்படலாம் என்று நான்கைந்து வரிகள். அதன் பிறகுதான் எண்களைத் தேர்ந்தெடுக்கிறோம்.

எண்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆயிரம் ரூபாய் என்பது தவறுகளை ஒளித்துவைக்கும் எண். அதற்குப் பதிலாக 250 ரூபாய் 50 காசு என்று வைத்துப் பாருங்கள். ஒன்பது விழுக்காடு 22.545 ஆகும். அரைக் காசை மேல்நோக்கி முழுமையாக்கினால் 22.55, இரட்டைப்படை எண்ணை நோக்கி முழுமையாக்கும் முறையில் 22.54. மேல்நோக்கிய முறையில் சிஜிஎஸ்டியும் எஸ்ஜிஎஸ்டியும் சேர்ந்து 45.10 வருகிறது, அதே சரக்குக்கு ஐஜிஎஸ்டி போட்டால் 45.09 தான். அதாவது இந்த எண்ணை வைத்தால், மொத்தத்தை மட்டும் பார்க்கும் உங்கள் பழைய அசர்ஷனே கூட அந்தத் தலைகீழ் நிபந்தனையைப் பிடித்துவிட்டிருக்கும். அதற்காக மொத்தத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லவில்லை. உள்ளீட்டை யோசித்துத் தேர்ந்தெடுப்பதும் அசர்ஷன் எழுதுவதன் ஒரு பகுதி என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்து, தோற்கும்போது வரும் செய்தி. நிபந்தனை உண்மையா என்று மட்டும் பார்க்கும் அசர்ட் ட்ரூவுக்குள் இரண்டு தொகைகளை ஒப்பிட்டு எழுதினால், தோற்கும்போது "ட்ரூ எதிர்பார்க்கப்பட்டது, ஃபால்ஸ் வந்தது" என்பதற்கு மேல் எதுவும் கிடைக்காது. இரவில் நிரலைத் தொகுத்துச் சோதனைகளை ஓட்டும் பில்டு உடைந்து, காலையில் வந்து பார்ப்பவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. அவர் நிரலைப் படிப்படியாக ஓட்டிப் பார்க்கும் டீபக்கரைத் திறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அசர்ட் ஈக்வல்ஸ் என்றால் இரண்டு தொகைகளும் கண்ணெதிரே நிற்கும். அப்போதும் வரிசை முக்கியம்: ஜாவாவின் சோதனை நூலகமான ஜேயூனிட்டில் எதிர்பார்க்கும் மதிப்பு முதலில், வந்த மதிப்பு இரண்டாவது, டெஸ்ட்என்ஜி என்ற இன்னொரு நூலகத்தில் அதற்கு நேர்மாறு. ஜேயூனிட் 4-இல் விளக்கச் செய்தி முதலில் வரும், 5-இல் கடைசிக்குப் போய்விட்டது. மாற்றி எழுதினாலும் சோதனை பச்சையாகவே ஓடும், ஆனால் தோற்கும் நாளில் படிப்பவரை எதிர்த்திசையில் அனுப்பிவிடும். அசர்ட்ஜே போன்ற நூலகத்தில் வந்த மதிப்பை முதலில் சொல்லி, அதன் பின் என்ன இருக்க வேண்டும் என்று தொடர்வதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை.

காலாப்பட்டு மாணவி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் இறுதியாண்டு படிக்கிறேன், இன்னும் வேலையில் சேரவில்லை. ஒரு சோதனையில் ஒரே ஓர் அசர்ஷன்தான் இருக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லித் தந்தார்கள். அப்படியானால் இந்தப் பில்லுக்கு ஐஜிஎஸ்டி, சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, மொத்தம் என்று நான்கு சோதனைகள் தனித்தனியாக எழுத வேண்டுமா?

திருப்பாப்புலியூர் எழுதியது:

வேண்டியதில்லை அம்மா. அந்த விதியின் நோக்கம் நல்லது, ஆனால் அதை எண்ணிக்கையாகப் பிடித்துக்கொண்டால் தொல்லைதான். ஒரு சோதனை ஒரே ஒரு நடத்தையைச் சோதிக்க வேண்டும் என்பதே சரியான அளவுகோல். "மாநிலம் விட்டு மாநிலம் விற்றால் முழு வரியும் ஐஜிஎஸ்டியில் போகும்" என்பது ஒரு நடத்தை. அதைச் சொல்ல ஐஜிஎஸ்டி 45.09, மற்ற இரண்டும் சுழியம், மொத்தம் 295.59 என்ற நான்கு எண்களும் தேவைப்படுகின்றன. நான்கையும் நான்கு சோதனைகளாகப் பிரித்தால், ஒரே பில்லை நான்கு முறை தயாரிக்கும் நிரல் மிஞ்சும். நடத்தை எது என்பது படிப்பவர் கண்ணுக்குத் தெரியாது.

வரிசையாக நான்கு அசர்ஷன் எழுதுவதில் உள்ள உண்மையான குறை வேறு: முதலாவது தோற்றதும் சோதனை நின்றுவிடும், மற்ற மூன்றின் நிலை தெரியாது. ஐஜிஎஸ்டி சுழியமாக வந்தது என்று மட்டும் தெரிந்தால் வரியே போடப்படவில்லையா, அல்லது வேறு கணக்கில் போனதா என்று ஊகிக்க வேண்டியிருக்கும். ஜேயூனிட் 5-இல் உள்ள அசர்ட் ஆல், எல்லாவற்றையும் ஓட்டிவிட்டுத் தோற்றவற்றை ஒன்றாகக் காட்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, வரிப் பிரிவு முழுவதையும் ஒரே பொருளாக (ஆப்ஜெக்ட்) வைத்து, எதிர்பார்க்கும் பொருளோடு ஒரே வரியில் ஒப்பிடுவது. அந்தப் பொருளை எழுத்தாக மாற்றிக் காட்டும் டூஸ்ட்ரிங் ஒழுங்காக எழுதியிருந்தால், தோற்கும்போது நான்கு எண்களும் மேலும் கீழுமாகத் தெரியும்.

மொத்தத்தைப் பார்ப்பதற்கும் பகுதிகளைப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆலன் டூரிங் 1949-இலேயே கேம்பிரிட்ஜில் ஆற்றிய ஒரு சிற்றுரையில் எடுத்துக் காட்டியிருக்கிறார். நான்கிலக்க எண்கள் சிலவற்றைக் கூட்டி விடையை மட்டும் எழுதி வைத்தால், சரிபார்ப்பவர் முழுக் கூட்டலையும் ஒரே மூச்சில் செய்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு பத்தியிலும் மிகுந்து அடுத்ததற்குப் போன எண்ணையும் எழுதி வைத்தால், ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே சரிபார்த்து விடலாம் என்பது அவர் காட்டிய எடுத்துக்காட்டு. நிரல் எழுதுபவர் இடையிடையே திட்டவட்டமான கூற்றுகளை வைக்க வேண்டும் என்ற கருத்தை அங்கிருந்துதான் அவர் வளர்க்கிறார். 1180 என்ற விடையை மட்டும் சோதிப்பதன் குறை அந்தக் கூட்டலிலேயே தெரிந்துவிடுகிறது.

முத்தியால்பேட்டை எழுதியது:

இதுவரை பேசியவை வலுவற்ற அசர்ஷன்கள். அவற்றை விட ஆபத்தானவை, ஒருபோதும் தோற்கவே முடியாத அசர்ஷன்கள். பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் இரண்டிலும் இவற்றை அடிக்கடி பார்க்கிறேன். இவை ரிவ்யூவில் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

பைத்தானின் சோதனை நூலகமான யூனிட்டெஸ்ட்டில் அசர்ட் ட்ரூவுக்கு இரண்டாவது மதிப்பாகக் கொடுப்பது விளக்கச் செய்தி. அசர்ட் ஈக்வல் என்று எழுத நினைத்து, கை பழக்கத்தில் அசர்ட் ட்ரூ என்று தட்டி, உள்ளே பில்லில் உள்ள சரக்கு வரிசைகளின் எண்ணிக்கையையும் 3 என்பதையும் கொடுத்துவிட்டால், எண்ணிக்கை சுழியமாக இல்லாத வரை அது வெற்றிதான். அந்த 3 வெறும் செய்தியாகப் போய்விடும். அதே போல, அசர்ட் கட்டளைக்குப் பின் நிபந்தனையையும் செய்தியையும் சேர்த்து ஒரே அடைப்புக்குறிக்குள் போட்டால் அது டப்பிள் எனப்படும் இரண்டு உறுப்புள்ள தொகுப்பு ஆகிவிடும். வெறுமையற்ற டப்பிள் எப்போதும் உண்மைதான். பைத்தான் இதற்கு எச்சரிக்கை தருகிறது, ஆனால் எச்சரிக்கைகளை யாரும் படிக்காத பில்டில் அதனால் என்ன பயன்?

சோதனையில் உண்மையான பகுதிக்குப் பதிலாக வைக்கும் போலியான மாக் பொருள்கள் இன்னொரு பள்ளம். மாக் பொருளிடம் எந்தப் பெயரைக் கேட்டாலும் அந்தப் பெயரில் ஒன்றை உருவாக்கித் தந்துவிடும். "அசர்ட் கால்டு ஒன்ஸ் வித்" என்பதில் முன்னொட்டை விட்டுவிட்டு "கால்டு ஒன்ஸ் வித்" என்று அழைத்தால் எதுவும் சோதிக்கப்படாமலேயே சோதனை வெற்றி பெறும். பைத்தான் 3.12 முதல் இப்படி முன்னொட்டு இல்லாமல் கேட்டால் பிழை எழும். அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் தங்கள் சோதனைக் கோப்புகளில் ஒருமுறை தேடிப் பார்ப்பது நல்லது.

ஜாவாஸ்கிரிப்ட்டில் ஜெஸ்ட் என்ற சோதனைக் கருவியைப் பயன்படுத்துவோர், ப்ராமிஸை (பின்னர் வரப்போகும் விடையை) எதிர்பார்க்கும் வரிக்கு முன், காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் போட மறந்தால், அந்த எதிர்பார்ப்பு முடிவதற்குள் சோதனை முடிந்து பச்சை காட்டிவிடும். ஜாவாவும் விதிவிலக்கல்ல. அசர்ட்ஜேயில் அசர்ட் தட் என்பதற்குள்ளேயே ஈக்வல்ஸ் ஒப்பீட்டை முழுவதும் எழுதி, அதன் பின் "இஸ் ட்ரூ" என்று தொடராமல் விட்டால் எதுவும் சோதிக்கப்படுவதில்லை. பேச்சைத் தொடங்கிவிட்டு வாக்கியத்தை முடிக்காதது போலத்தான்.

மஞ்சக்குப்பம் ஐயா அசர்ட் ட்ரூவைப் பற்றிச் சொன்னதற்குப் பைடெஸ்ட் என்ற பைத்தான் கருவியில் மட்டும் ஒரு விலக்கு உண்டு. அது அசர்ட் கட்டளையைத் தானே மாற்றி எழுதிக்கொண்டு, தோற்கும்போது இரு பக்க மதிப்புகளையும் பிரித்துக் காட்டிவிடும். எனவே அங்கே வெறும் அசர்ட் எழுதுவதில் குறையில்லை.

லாசுப்பேட்டை நிரலர் எழுதியது:

முத்தியால்பேட்டை நண்பருக்கு நன்றி. நீங்கள் சொன்ன அசர்ட் ட்ரூ வகையை எங்கள் கோப்புகளில் தேடச் சொல்லிவிட்டேன். ஆனால் தேடிக் கண்டுபிடிப்பது ஏற்கெனவே எழுதியதற்குத்தான் உதவும். தோற்க முடியாத அசர்ஷன் உள்ளே வராமல் தடுக்க ஏதேனும் கருவியை நம்பலாமா, அல்லது மனிதர்கள்தான் பார்க்க வேண்டுமா?

வில்லியனூர் எழுதியது:

மியூட்டேஷன் சோதனையைப் பாருங்கள். நீங்கள் கையால் செய்த அதே வேலையைக் கருவி செய்கிறது: நிரலில் ஒரு சிறு மாற்றத்தை வேண்டுமென்றே புகுத்தும், கூட்டலைக் கழித்தலாக்கும், நிபந்தனையைத் திருப்பும், பின்னர் சோதனைகளை ஓட்டும். ஏதேனும் ஒரு சோதனை தோற்றால் அந்த மாற்றம் பிடிபட்டது. எல்லாம் பச்சையாக இருந்தால் அந்த இடத்தைக் காக்க எந்த அசர்ஷனும் இல்லை என்று பொருள். கவரேஜ் எண்ணால் இதைச் சொல்லவே முடியாது, ஏனென்றால் ஒரு வரி ஓடியதா என்பதை மட்டுமே அது அறியும். ஓடிய பின் வந்த விடையை யாராவது பார்த்தார்களா என்பதை அறியாது. அசர்ஷன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஓட்டினாலும் கவரேஜ் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும்.

இந்தக் கருத்து 1970-களில் ரிச்சர்ட் லிப்டன் முதலானோரிடமிருந்து வந்தது. கணினி வேகம் போதாததால் நெடுங்காலம் ஆய்வுக்கூடத்தோடு நின்றிருந்தது. இப்போது ஜாவாவுக்கு பிட், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு ஸ்ட்ரைக்கர், பைத்தானுக்கு மியூட்மட் என்று இலவசக் கருவிகள் கிடைக்கின்றன. முழு நிரலுக்கும் ஓட்டினால் நேரம் மிகும். எனவே வரிக் கணக்கு, தள்ளுபடி, இருப்பு ஆகிய பகுதிகளுக்கு மட்டும், அதிலும் மாறிய கோப்புகளுக்கு மட்டும் ஓட்டுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

கருவியை நான் எதிர்க்கவில்லை, ஆனால் கேள்வி பழக்குவதைப் பற்றியது. மியூட்டேஷன் அறிக்கையைப் புதியவர் கையில் கொடுத்தால், தப்பிய மாற்றங்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே அவருடைய குறிக்கோளாகிவிடும். அதற்காக நிரலின் உள்விவரங்களையெல்லாம் அசர்ட் செய்யத் தொடங்குவார். நிரலின் நடத்தையே மாறாத மாற்றங்களும் அந்தப் பட்டியலில் இருக்கும்; எந்தச் சோதனையாலும் அவற்றைப் பிடிக்க முடியாது, பிடிக்க வேண்டியதும் இல்லை. அதைப் பிரித்தறியும் பக்குவம் வந்த பிறகு கருவி பயன்படும்.

அதுவரை, ரிவ்யூ செய்பவர் நிரலில் ஓர் இடத்தைக் கையால் உடைக்கட்டும். எந்தச் சோதனை தோற்கும், என்ன செய்தி வரும் என்பதை எழுதியவர் ஓட்டுவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லட்டும். சொன்னதும் திரையில் வந்ததும் பொருந்தாத இடத்தில்தான் கற்றல் நடக்கிறது. ஒரு ரிவ்யூவுக்கு ஓர் உடைப்புப் போதும்.

வில்லியனூர் எழுதியது:

அந்த வரிசையை ஏற்கிறேன். முதலில் கை, பிறகு கருவி.

பாகூர் கணக்கர் எழுதியது:

நான் நிரலர் அல்லன். ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கும் தொழிலில் இருக்கிறேன். இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து படித்து வருகிறேன். எதிர்பார்க்கும் எண் எங்கிருந்து வருகிறது என்பதை நீங்கள் யாரும் இன்னும் பேசவில்லை. எங்கள் மென்பொருளுக்குச் சோதனை எழுதும் இளைஞர் ஒருவர், நிரலை ஓட்டி வந்த விடையை எடுத்து அப்படியே "எதிர்பார்ப்பது" என்று ஒட்டியதை நேரில் பார்த்திருக்கிறேன். நிரல் தவறாகக் கணக்கிட்டால் எதிர்பார்ப்பும் அதே தவறாகத்தானே இருக்கும்? அந்த எண்ணை நிரலைப் பார்க்காத ஒருவர் காகிதத்தில் போட்டுத் தர வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய சில கண்ணிகளைச் சொல்கிறேன், சோதனை அட்டவணையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலக் குறியீடு: தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. அதை விட்டுவிட்டு அஞ்சல் குறியீட்டை வைத்து மாநிலத்தைத் தீர்மானிக்கும் நிரல்களைப் பார்த்திருக்கிறேன். 605-இல் தொடங்கினால் புதுச்சேரி, 607-இல் தொடங்கினால் கடலூர் என்று எழுதிவிடுகிறார்கள். விழுப்புரம் 605602, அது தமிழ்நாடு. எங்கள் பாகூர் 607402, இது புதுச்சேரி. மாஹே 673310 என்று கேரள வரிசையிலும், ஏனாம் 533464 என்று ஆந்திர வரிசையிலும் இருக்கின்றன. இரண்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. சோதனையில் புதுச்சேரி நகரத்தையும் கடலூர் நகரத்தையும் மட்டும் வைத்தால் அந்த நிரல் என்றைக்கும் பிடிபடாது.

இன்னொன்று. ஒன்றியப் பகுதி என்றவுடன், அத்தகைய பகுதிகளுக்கான யூடிஜிஎஸ்டி என்று போட்டுவிடக் கூடாது. புதுச்சேரிக்குச் சட்டமன்றம் இருப்பதால் இங்கே எஸ்ஜிஎஸ்டிதான்; சண்டிகருக்குத்தான் யூடிஜிஎஸ்டி. இந்த இரண்டுக்குமான வரிசைகள் அட்டவணையில் அடுத்தடுத்து இருக்கட்டும்.

லாசுப்பேட்டை நிரலர் எழுதியது:

ஐயா, இது பெரிய உதவி. நாங்கள் இதை ஒரே சோதனையாக எழுதி, அனுப்புமிடம், சேருமிடம், தொகை, எதிர்பார்க்கும் மூன்று வரிகள் ஆகியவற்றை ஒரு சிஎஸ்வி அட்டவணையாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். எண்களைத் தங்களைப் போன்ற ஒருவர் நிரப்பினால், எங்கள் இளைஞர்கள் அசர்ஷனை மட்டும் பார்த்துக்கொள்வார்கள். தொகைகளை ஜாவாவில் தசம எண்களைத் துல்லியமாக வைக்கும் பிக்டெசிமலில் வைத்திருக்கிறோம், 45.1-உம் 45.10-உம் சமமில்லை என்று அசர்ட் ஈக்வல்ஸ் சொல்வதால் சிலர் தோராயமாகச் சேமிக்கும் டபுளுக்கு மாற்றி ஒப்பிடத் தொடங்கியிருக்கிறார்கள்.

திருப்பாப்புலியூர் எழுதியது:

டபுளுக்கு மாற்ற விடாதீர்கள். பிக்டெசிமலின் ஈக்வல்ஸ், தசமப் புள்ளிக்குப் பின் உள்ள இலக்கங்களின் எண்ணிக்கையையும் சேர்த்து ஒப்பிடும். கம்பேர் டு, மதிப்பை மட்டும் ஒப்பிடும். அசர்ட்ஜேயில் "இஸ் ஈக்வல் பை கம்பேரிங் டு" என்று அதற்கென்றே ஒன்று இருக்கிறது. எந்த ஒப்பீடு வேண்டும் என்பதும் ஒரு முடிவுதான். அச்சிடப்படும் பில்லைச் சோதிக்கும்போது 45.1 என்று அச்சாவது தவறு, அங்கே ஈக்வல்ஸ் தோற்பதே சரி. கணக்கீட்டைச் சோதிக்கும்போது கம்பேர் டு போதும். பணத்துக்கு ஏறக்குறைய என்ற ஒப்பீட்டைப் பயன்படுத்தவே வேண்டாம். நாம் மேலே பார்த்த அந்த ஒரு காசு வேறுபாடு, 0.01 என்ற தளர்வுக்குள் ஓசையில்லாமல் மறைந்துவிடும்.

காலாப்பட்டு மாணவி எழுதியது:

என் இறுதியாண்டுத் திட்டத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது, இங்கே கேட்பது பொருத்தமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வாடிக்கையாளர் முகவரியில் ஊர்ப்பெயரைத் தமிழில் சேமிக்கிறோம். "கோரிமேடு" எதிர்பார்க்கப்பட்டது, "கோரிமேடு" வந்தது என்று சோதனை தோற்கிறது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே தெரிகின்றன. செய்தியைப் படித்தும் என்னால் எதுவும் கண்டுபிடிக்க முடியவில்லை.

முத்தியால்பேட்டை எழுதியது:

கணினியில் எழுத்துகளை எண்களாகக் குறிக்கும் யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீட்டைச் சேர்ப்பது ஒரு வகை. ஏகாரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது இன்னொரு வகை. திரையில் வேறுபாடு தெரியாது, ஒப்பீட்டில் தெரியும். விசைப்பலகைகளும் பழைய எழுத்துரு மாற்றிகளும் வெவ்வேறு வகையில் எழுதுவதால் இது நேர்கிறது. பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே வடிவாக்கும் என்எஃப்சி முறையில் இயல்பாக்கினால் இரண்டும் ஒரே குறியீடாகிவிடும்.

ஆனால் இயல்பாக்குவதை அசர்ஷனுக்குள் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் சோதனை பச்சையாகும். தரவுத்தளத்தில் இரண்டு வகையும் கலந்தே கிடக்கும். கோரிமேட்டு வாடிக்கையாளர்களைத் தேடினால் பாதிப் பேர்தான் கிடைப்பார்கள். சேமிக்கும் நிரல் இயல்பாக்க வேண்டும். பிரிந்த வடிவத்தைக் கொடுத்தால் சேர்ந்த வடிவம் திரும்ப வருகிறதா என்று சோதனை பார்க்க வேண்டும். தோற்கும்போது இரு சொற்களின் குறியீட்டு எண்களையும் அடுத்தடுத்து அச்சிடும் சிறு உதவிச் செயல்கூறு ஒன்றை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வேலை செய்யும் எந்தக் குழுவுக்கும் அது தேவைப்படும். நீளத்தை அசர்ட் செய்யும்போதும் எதை எண்ணுகிறீர்கள் என்று தெளிவாக இருங்கள். "கடலூர்" நம் கணக்கில் 4 எழுத்து, யூனிகோடு குறியீடுகளாக 6, யூடிஎஃப்-8 முறையில் சேமித்தால் 18 பைட்டு. பெயர்ப்புலத்துக்கு இத்தனை எழுத்துதான் என்று வரம்பு வைப்பவர்கள் இந்த மூன்றில் எதைச் சொல்கிறார்கள் என்பது சோதனையில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அரியாங்குப்பம் எழுதியது:

மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் அசர்ஷன்கள் தேவைக்கு மேல் இறுக்கமாக இருப்பதுதான் நோய். பிழைச் செய்தியில் ஒரு காற்புள்ளி மாறினால் இருபது சோதனைகள் சிவக்கின்றன. வரிசை முக்கியமில்லாத பட்டியலை வரிசையோடு ஒப்பிடுகிறார்கள். ஜெஸ்ட்டில் முழுத் திரையின் வெளியீட்டையும் எதிர்பார்ப்பாக அப்படியே ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்துவிட்டு, தோற்றவுடன் என்ன மாறியது என்று பார்க்காமலேயே புதுப்பிக்கும் கட்டளையைத் தட்டுகிறார்கள். காரணமில்லாமல் சிவக்கும் சோதனையை யாரும் மதிப்பதில்லை. உண்மையான காரணத்தோடு சிவக்கும் நாளிலும் அதே கட்டளைதான் தட்டப்படும்.

நேரத்தை வைத்து ஓர் எடுத்துக்காட்டு. பில் தேதியிலிருந்து நிதியாண்டைக் கணக்கிடும் நிரலுக்கு "இன்றைய தேதி"யை வைத்துச் சோதனை எழுதினார்கள். பில்டு சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேர வேறுபாடு. ஏப்ரல் 1 அதிகாலை 2 மணிக்கு இங்கே புதிய நிதியாண்டு, சர்வரில் இன்னும் மார்ச் 31 இரவு 8.30. ஆண்டு முழுவதும் பச்சையாக இருந்துவிட்டு அந்தச் சில மணி நேரத்தில் மட்டும் தோற்கும் சோதனையை, "சில நேரம் அப்படித்தான், மறுபடி ஓட்டு" என்று தள்ளிவிடுவார்கள். அது காட்டுவது நிரலில் உள்ள உண்மையான தவறாகவே இருக்கலாம். கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்து, அந்த அதிகாலை 2 மணியையே வேண்டுமென்று தேர்ந்தெடுத்து, எதிர்பார்க்கும் நிதியாண்டை நேரடியாக எழுதுங்கள்.

மஞ்சக்குப்பம் வாசி எழுதியது:

உடன்படுகிறேன். நான் முன்பு சொன்ன தாளில் இன்னொரு பத்தியையும் சேர்க்கலாம்: "எது மாறினாலும் இந்த வரி சிவக்கக் கூடாது." பிழை எழுவதைச் சோதிக்கும்போது இது மிகவும் பயன்படும். ஜிஎஸ்டி எண் 15 எழுத்துக்குக் குறைந்தால் பிழை எழ வேண்டும் என்றால், பிழையின் வகையையும் எந்தப் புலம் தவறு என்பதையும் பாருங்கள்; வாக்கியத்தை முழுவதும் ஒப்பிட வேண்டாம். அதே நேரத்தில், ஏதோ ஒரு பிழை எழுந்தால் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். பழைய ஜேயூனிட்டில் சோதனையின் தலைப்பிலேயே எதிர்பார்க்கும் பிழையை எழுதும் வழக்கம் இருந்தது. பொருளை உருவாக்கும் முதல் வரியிலேயே அதே வகைப் பிழை எழுந்தாலும் அது வெற்றிதான். அசர்ட் த்ரோஸ், எந்த வரி பிழையை எழுப்ப வேண்டுமோ அதை மட்டும் சுற்றி வைக்க உதவுகிறது.

லாசுப்பேட்டை நிரலர் எழுதியது:

நாங்கள் வரும் திங்கள் முதல் இப்படித் தொடங்குகிறோம். சோதனை எழுதுமுன் இரண்டு பத்தித் தாள்: சிவக்க வேண்டியவை, சிவக்கக் கூடாதவை. ஒவ்வொரு ரிவ்யூவிலும் கையால் ஓர் உடைப்பு, ஓட்டுமுன் எழுதியவரின் கணிப்பு. வரிக்கான அட்டவணையை நிரலர் அல்லாதவர் நிரப்புவார். வரிப் பிரிவுக்கென்று ஓர் அசர்ஷனை நாங்களே எழுதி, தோற்கும்போது அனுப்புமிடமும் சேருமிடமும் மாநிலக் குறியீட்டோடு செய்தியில் வரும்படி செய்கிறோம். மியூட்டேஷன் கருவியை வரிப் பகுதிக்கு மட்டும், மூத்தவர்கள் பார்வைக்காக இரவில் ஓட்டுகிறோம். அட்டவணையின் முதல் வடிவத்தை இங்கேயே பகிர்கிறேன். பாகூர் கணக்கர் ஐயா ஒருமுறை பார்த்துத் தர வேண்டும்.

பாகூர் கணக்கர் எழுதியது:

கட்டாயம் பார்க்கிறேன். சரக்கு திரும்பி வரும்போது போடும் கிரெடிட் நோட்டுக்கும் அட்டவணையில் சில வரிசைகள் ஒதுக்குங்கள். மூல பில்லில் ஐஜிஎஸ்டி போட்டிருந்தால் நோட்டிலும் ஐஜிஎஸ்டிதான் குறைய வேண்டும். இடையில் வாடிக்கையாளர் புதுச்சேரியிலிருந்து கடலூருக்கு முகவரியை மாற்றியிருந்தாலும் அதுதான் விதி. முகவரி மாறிய ஒரு வாடிக்கையாளரையும், 250 ரூபாய் 50 காசு என்ற அந்தத் தொகையையும் சேர்த்தே வைத்து அனுப்புங்கள், எண்களை நான் கையால் போட்டுத் தருகிறேன்.